மூன்றாவது அமுக்கு

கட்டுக்காரம்மா கையால் தட்டிப் பார்த்தே ஒரு கட்டின் தராதரத்தைச் சொல்லிவிடுவாள். அமுக்குகிற பிரஸ் இயந்திரத்தின் வாயிலிருந்து கம்பி சுற்றிக்கொண்டு வெளியே வரும் குப்பைக் கட்டு அவள் இடுப்பு உயரம் இருக்கும். அதன் விலாவில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைப்பாள். சுவரில் அடித்த மாதிரி கை வலித்தால் நல்ல கட்டு. தொப்பென்று உள்வாங்கினால், "இது இன்னும் வேகலை" என்று முகத்தைச் சுளிப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், சமையல்கட்டில் நிற்க வேண்டிய அம்மா வழி தவறி இங்கே வந்துவிட்டார்களோ என்று சிரிப்பார்கள். ஒரு வாரம் போனால் அவர்களும் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஊர்க் குப்பை முழுவதும் வந்து சேரும் கிடங்கு அது. முன்பெல்லாம் லாரி வரும், பின்பக்கத்தைத் தூக்கும், கொட்டும், போகும். அவ்வளவுதான் வேலை. கொட்டிக் கொட்டி அது மலையாக வளர்ந்துவிட்டது. வேறு இடம் பார்க்கலாம் என்று நகராட்சிக்காரர்கள் போகாத ஊர் இல்லை. குப்பை போடாத வீடு எங்கும் இல்லை, ஆனால் குப்பைக்கு இடம் கொடுக்க மட்டும் ஒரு வீடும் தயாராக இல்லை. போன இடத்திலெல்லாம் கல்லெறியாத குறைதான். கடைசியில், இருக்கிற இடத்தையே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்துப் பிரஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வழி ரொம்பச் சாதாரணம். உதிரியாகக் கொட்டினால் குப்பை சோம்பேறி மாதிரி கைகாலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிடும். அதையே அமுக்கி, கம்பி போட்டுக் கட்டி, செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கினால் ஆறில் ஒரு பங்கு இடம் போதும். மேலே மண் போட்டு மூடிவிட்டால் ஈ இல்லை, காக்கை இல்லை, நாற்றமும் பாதி. "ரெண்டு வருஷத்துல நிரம்ப வேண்டிய கிடங்கு பன்னெண்டு வருஷம் தாங்கும். கிடங்கோட ஆயுளே கூடிடும்" என்று இன்ஜினியர் அம்மா முதல் நாள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். நல்ல பெண் அவர். தலையில் தொப்பியும் காலில் பெரிய பூட்ஸுமாகக் கறுப்புத் தண்ணீரில் இறங்கி நின்று வேலை சொல்லிக்கொடுப்பார். ஒரு கட்டுக்கு மூன்று அமுக்கு என்று சட்டம் போட்டவர் அவர்தான். முதல் அமுக்கில் குப்பை படியும். இரண்டாவது அமுக்கில் ஈரம் பிழிந்து கறுப்புத் தண்ணீராக ஓடும். மூன்றாவது அமுக்கில் உள்ளே ஒளிந்திருக்கும் காற்று வெளியேறும். "காத்து இல்லாத குப்பையில தீ பத்தாது. அதனால மூணாவதை மட்டும் யாரும் விடக் கூடாது" என்றார்.

கட்டுக்காரம்மா அப்போது குப்பை பிரிக்கும் பெல்ட்டில் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிரஸ் ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட ஆள் பயிற்சி முடிந்த கையோடு வேறு கம்பெனிக்குக் கம்பி நீட்டிவிட்டான். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தே லிவரின் போக்கைப் பிடித்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான். எந்தக் குப்பை எப்படி முரண்டு பிடிக்கும் என்று அவளுக்கு அத்துபடி. பழைய மெத்தைதான் அவளுக்கு ஜென்ம விரோதி. எவ்வளவு அமுக்கினாலும் எழுந்து உட்காரும். "சாகமாட்டேங்குது பார் சனியன்" என்று திட்டிக்கொண்டே அதைக் கட்டின் நடுவில் திணித்து, நாலு பக்கமும் ஈரக் குப்பையைக் காவல் வைத்து அமுக்குவாள். அவள் கட்டிய கட்டு பிரிந்தது என்ற பேச்சே கிடையாது.

இந்தப் பெருமையெல்லாம் வேலைக்கூடத்தின் வாசலோடு சரி. வீட்டுக்கு வந்தால் அவள் வாய் திறக்கமாட்டாள். ஏனென்றால் வீட்டில் தண்ணிக்காரர் இருந்தார்.

தண்ணிக்காரர் அவள் கணவர். பெயரைக் கேட்டுவிட்டு வெளியாட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை. குப்பைமேட்டில் தீப்பிடித்தால் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி அணைப்பதுதான் அவர் உத்தியோகம். "தண்ணி எனக்கு இல்லம்மா, குப்பைக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பதினெட்டு வருஷம் அந்தப் புகையில் நின்றார். வெளியில் ஒன்றும் தெரியாமல் அடியில் கனன்றுகொண்டிருக்கும் தீயை, மண்ணில் காலை வைத்தே கண்டுபிடிப்பார். தீயை அவர் அணைத்தார், புகை அவர் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் பத்து அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலைமை. அவர் உட்கார்ந்த பிறகுதான் நகராட்சி இரக்கப்பட்டு அவளுக்குப் பெல்ட்டில் வேலை கொடுத்தது. பிள்ளை குட்டி இல்லை. ஒருவருக்கொருவர்தான் எல்லாம்.

கிடங்கின் மதிலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வீடுகள். அதில் ஒன்று அவர்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அடுப்படியை ஒட்டிக் குளியலறை. எல்லா ஜன்னலிலும் ஈ வலை. அந்தத் தெருவில் வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் வாங்க ஒரு ஈ காக்கை வராது, நிஜமான ஈயையும் காக்கையையும் தவிர. பல வருஷங்களுக்கு முன்னால் தண்ணிக்காரர்தான் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் படியேறி, ஒரு கடிதம் வாங்கி வந்தார். மேட்டின் நடுவில் ஓர் அளவுக் கம்பம் இருக்கிறது. அதன் மேல்பக்கம் சிவப்புப் பட்டை. குப்பை அந்தப் பட்டையைத் தொடுகிற அன்று கிடங்கை மூடிவிடுவார்கள், தெருக்காரர்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கொடுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மூடுகிற அன்று அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் வீடு. முன்னாலேயே காலி செய்தவர்களுக்குக் கிடையாது.

"இடத்தை மாத்துங்க, நல்ல காத்து வேணும்" என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். அவளும் கெஞ்சிப் பார்த்தாள். அவளுடைய அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது, தோட்டம் துரவு என்று நல்ல இடம். தண்ணிக்காரர் மசியவில்லை.

"இத்தனை வருஷம் இந்த நாத்தத்துல கிடந்துட்டு, கடைசி நேரத்துல எழுந்து போறதா? கடுதாசி வாங்கினவனே நான். எனக்கே வீடு இல்லைன்னா ஊர் சிரிக்காது?"

"ஊர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. நீங்க மூச்சு விட்டாப் போதும்."

"அங்க போய் விட்டுக்கறேன், ஆத்துக்கு அந்தப் பக்கம்."

பிடிவாதம். அதைப் பிடிவாதம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அந்தப் பிடிவாதம்தான் அவரைக் காலையில் எழுப்பிக் கட்டிலை விட்டு இறக்கியது. ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு, அதன் நாலு காலையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். நாற்காலி நகர்ந்தால் பார்வையின் உயரம் மாறிவிடுமாம். அங்கே உட்கார்ந்து பார்த்தால் மேட்டின் உச்சி ஜன்னல் கம்பியில் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கே மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டுவார். மேடு வளர வளரப் பிளாஸ்திரியும் ஏறும். பக்கத்து வீட்டுத் தையல்காரி, கட்டுக்காரம்மா வேலைக்குப் போன நேரத்தில் அவரை எட்டிப் பார்ப்பவள், "என்னண்ணே, எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பாள். "இன்னும் நாலு விரல்" என்பார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போகும்.

பிரஸ் வந்த பிறகு பிளாஸ்திரி நகரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று. மேடு இருந்த இடத்தில் இருந்தது. லாரிகள் மட்டும் குறையாமல் வந்தன. பிரஸ்ஸின் சத்தம் தெருவுக்கே கேட்கும். தொம், தொம், தொம், அப்புறம் கம்பி சுற்றுகிற கிரீச். தண்ணிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் சாயங்காலம் அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"நல்லாக் கட்டுறே போலிருக்கு?"

"ஏதோ கட்டுறேன்."

"பன்னெண்டு வருஷமாமே. தையல்காரி சொன்னா."

அவள் தட்டில் குழம்பை ஊற்றினாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, இருமி, தண்ணீர் குடித்து, "கெட்டிக்காரி" என்றார். குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே மெச்சினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, வெள்ளையாக என்னவோ தெரிந்தது. "ரெண்டு வருஷம் தாண்டினா பெரிய விஷயம்மா. இடம் மாறினா இன்னும் கொஞ்சம் கூடலாம்" என்றார். மனுஷனுக்கு இரண்டு வருஷம், குப்பைக்குப் பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டைக் கட்டிக்கொடுப்பது அவளுடைய இரண்டு கை. பஸ்ஸில் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை முதல் கட்டுக்கு ஓர் அமுக்கு கொடுத்தாள். இரண்டாவது கொடுத்தாள். கறுப்புத் தண்ணீர் ஓடியது. மூன்றாவதற்கு லிவரில் கை வைத்தாள். கை போகவில்லை. கம்பியைச் சுற்றிக் கட்டை வெளியே தள்ளினாள். வழக்கமாகத் தட்டிப் பார்க்கிறவள் அன்று தட்டவில்லை. தட்டினால் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

தீயைப் பற்றி அவள் நினைக்காமல் இல்லை. காற்று இல்லாத குப்பை பற்றாது என்று இன்ஜினியர் அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. தீயணைத்தவரின் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தரவும் வேண்டாம். இரண்டு அமுக்குக்கே இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, எங்கே பிடிக்கப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு வேண்டாம் என்று சொன்னதைக் கை கேட்கவில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அமுக்கு இல்லாததால் ஒவ்வொரு கட்டும் சீக்கிரம் முடிந்தது. ஒரு நாளைக்கு வருகிற கட்டுகளின் எண்ணிக்கை ஏறியது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். அவர் மேலிடத்துக்குச் சொல்வது எண்ணிக்கையைத்தானே, எடையை யார் கேட்டார்கள்? "அம்மா கையில என்னமோ மந்திரம் இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். கட்டுகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர் மட்டும் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"அக்கா, கட்டு முன்ன மாதிரி இல்லையே. தூக்கினா பஞ்சு மூட்டை மாதிரி வருது."

"வெயில் காலம்பா. குப்பையில ஈரம் எங்க இருக்கு?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவர். அவள் அவர் முகத்தை அதற்குப் பிறகு நேராகப் பார்க்கவில்லை.

மேடு மறுபடி வளர்ந்தது. பிளாஸ்திரி ஏற ஆரம்பித்தது. அரை விரல், ஒரு விரல். தண்ணிக்காரரின் முகம் மாறிவிட்டது. காலையில் தானே எழுந்து முகம் கழுவினார். தையல்காரியிடம் நூல் வாங்கி, கட்டிலின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். புது வீட்டில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று ஒரு சாயங்காலம் முழுவதும் பேசினார்.

"ஆத்துப் பக்கம் ஜன்னல் வர்ற வீடாக் கேட்கணும்."

"கேட்டா குடுத்துடுவாங்களா? சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க."

"கடுதாசி வாங்கினவனுக்கு ஒரு சலுகை இருக்காதா?"

"இருக்கும் இருக்கும். மாலை போட்டு, மேளம் வெச்சுக் கூட்டிட்டுப் போவாங்க."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு அது போதும் என்று இருந்தது. அடுப்படியில் எந்தப் பக்கம் அலமாரி வைப்பது என்று அவளும் யோசிக்க ஆரம்பித்தாள். ஜன்னலே இல்லாத ஒரு சுவர் வேண்டும், பாத்திரங்களை வரிசையாக மாட்டி வைக்க. இங்கே எல்லாவற்றையும் மூடி வைத்தே வாழ்க்கை போய்விட்டது.

ஒன்றுதான் அவளுக்கு அப்போது புரியவில்லை. தினமும் அவள் வேலையிலிருந்து வந்ததும் அவர் அவள் முந்தானையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார். "என்னங்க இது?" என்றால், "சும்மா, புகை வாசனை வருதான்னு பார்த்தேன்" என்பார். பழைய உத்தியோகம் இன்னும் விடவில்லை என்று அவள் கேலி செய்வாள்.

கோடையின் உச்சத்தில், நடுப்பகல் உணவு மணி அடித்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தெருப் பக்கத்து அடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஜ்வாலை இல்லை. நாலு வரிசைக்கு உள்ளே, ஏதோ ஒரு கட்டுக்குள், யாரோ வீசிய பழைய பேட்டரியோ என்னவோ சூடாகி, உள்ளே இருந்த காற்றைத் தின்றுகொண்டு கனன்றிருக்கிறது. கம்பி சூட்டில் தளர்ந்து கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. சரிந்த இடமெல்லாம் காற்று புகுந்தது. புது ஆட்கள் குழாயை எடுத்துவந்து மேலே தண்ணீரைப் பீய்ச்சினார்கள். புகை இரண்டு மடங்காயிற்று. அது மதிலைத் தாண்டித் தெருவுக்குள் தாழ இறங்கியது.

கட்டுக்காரம்மா கையைக் கூடத் துடைக்காமல் வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் நாற்காலி காலியாக இருந்தது. தெருவில் ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். தையல்காரி எதிரே வந்து, "அண்ணன் மதிலுக்கிட்டப் போனாருக்கா, கூப்பிடக் கூப்பிடக் கேட்கலை" என்று அழுதாள்.

பத்து அடி நடக்க முடியாத மனுஷன் நூறு அடி நடந்து போயிருந்தார். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, மதிலில் இடிந்திருந்த இடத்தில் சாய்ந்து நின்று, உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கத்தல் என்று பெயர்தான், காற்றுதான் வந்தது. "மேல ஊத்தாதீங்கடா! கட்டை இழுத்துப் பிரிச்சு உள்ள ஊத்துங்க! பிரிங்கடா!" ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவருக்குத்தான் அது புரிந்தது. வண்டியை உள்ளே விட்டு ஒவ்வொரு கட்டாக வெளியே இழுத்தார். பிரித்துப் பிரித்து நனைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அணைந்துவிட்டது. அணைவதைப் பார்க்கத் தண்ணிக்காரர் அங்கே இல்லை. அவள் போய்ச் சேர்ந்தபோதே அவர் மதிலடியில் சரிந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். இரண்டாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. சூப்பர்வைசர் வந்து பழம் வைத்துவிட்டு, விசாரணை முடிந்துவிட்டது, புதிதாக வாங்கிய கம்பி மட்டமான கம்பி, அதனால்தான் கட்டு பிரிந்தது என்று இன்ஜினியர் அம்மா எழுதிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு கட்டுக்காரம்மா அதையே பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? கம்பிதான் சரியில்லையாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையை ஆட்டினார். "கம்பி இல்ல."

அவள் பழத்தின் தோலை உரிப்பதை நிறுத்தினாள்.

"மூணு தடவை தொம்முன்னு கேட்கும். அப்புறம் ரெண்டாயிடுச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சைத் தேடி எடுத்தார். "அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கேவா?"

"ம்."

நான்கு மாதம். நான்கு மாதமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். முந்தானையை முகர்ந்து பார்த்தது எதற்கென்று அவளுக்கு இப்போது விளங்கியது.

"காத்து நின்னா பிடிச்சுக்கும்னு என்னைவிட உங்களுக்குத் தெரியுமேங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம் அது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"சொன்னா நீ நிறுத்திடுவே" என்றார்.

அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். எழுந்து போய் வராந்தாவில் நின்றாள். தெருவில் இருபத்திரண்டு வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் நெஞ்சுக்குள் போன புகைக்கு யார் பதில் சொல்வது? அவரா, அவளா? ஒரு நாள் முழுவதும் அவள் அவரிடம் பேசவில்லை. கஞ்சி கொடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், போர்வையை இழுத்து மூடினாள், பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் கோபம் தணிந்து, பல் தேய்க்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது கட்டிலைச் சுற்றி நர்ஸுகள் நின்றார்கள்.

பேசாமல் விட்ட அந்த ஒரு நாளை அவளால் எதிலும் ஈடுகட்ட முடியவில்லை. அக்கா வந்து பத்து நாள் கூட இருந்தாள். "இனி இங்க உனக்கு என்ன இருக்கு? என்கூட வந்துடு" என்றாள். இப்போது போகலாம்தான், பிடிவாதம் பிடிக்க ஆள் இல்லை. கட்டுக்காரம்மா போகவில்லை. ஏன் என்று அக்கா கேட்டதற்கு, வேலைக்கு ஆள் இல்லை என்றாள். அக்கா கோபித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் மறுபடி வேலைக்குப் போனாள். கம்பியை மாற்றியிருந்தார்கள். முதல் அமுக்கு, இரண்டாவது, மூன்றாவது. சில கட்டுகளுக்கு நாலாவதும் கொடுத்தாள். எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். "குறையட்டும்" என்றாள். இன்ஜினியர் அம்மா வந்து அடுக்கைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் பதினான்கு வருஷம்கூடத் தாங்கும் என்று சந்தோஷமாகச் சொன்னார். கட்டுக்காரம்மாவிடம் ஆறுதலாக ஏதோ பேச வந்தவர், அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கம்பி பற்றி அவர் எழுதியது தப்பு என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லத் துணிவு வரவில்லை.

மழை ஆரம்பித்த ஒரு சாயங்காலம் தையல்காரி வந்தாள். அடுப்படி வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினாள். சின்னவனுக்கு அந்தப் புகைக்குப் பிறகு இழுப்பு வந்துவிட்டதாம், ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறானாம். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தெருவுல எல்லாரும் பேசி என்னை அனுப்பியிருக்காங்க. நீங்க இறுக்கிக் கட்டுறதாலதான் மேடு வளர மாட்டேங்குதாம். கொஞ்சம் லேசாக் கட்டினா ரெண்டு வருஷத்துல மூடிடுவாங்களாமே. உங்களுக்கும் ஒரு வீடு வரும். எங்க பிள்ளைங்களுக்காகவாவது…"

கட்டுக்காரம்மா அடுப்பை அணைத்தாள். திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நாலு மாசம் அப்படித்தான் கட்டினேன்" என்றாள். "அந்தப் புகைதான் உன் பையன் நெஞ்சுல இருக்கறது. உங்க அண்ணனைக் கொண்டுபோனதும் அதான்."

தையல்காரி எழுந்து நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.